கடவுள் மன்னித்துவிட்டார், பாக்கி அப்படியே இருக்கிறது

சபைகளில் நடக்கும் சாட்சிக் கூட்டங்களில் சொல்லப்படும் அனுபவங்களுக்குப் பழகிப்போன ஒரு வடிவம் உண்டு. முன்பு பொய் சொன்னேன், குடித்தேன், கூடத் தொழில் செய்தவரை ஏமாற்றினேன். ஒரு நாள் ஆண்டவர் என்னைத் தொட்டார். இன்று மனதில் சமாதானம் இருக்கிறது. கேட்பவர்கள் அல்லேலூயா சொல்கிறார்கள். சொல்பவரின் கண்ணீரைச் சந்தேகிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒரு கேள்வி வெகுகாலமாக என்னை விட்டபாடில்லை. ஏமாற்றப்பட்ட அந்தக் கூட்டாளிக்கு என்ன ஆயிற்று? அவர் பணம் அவர் கைக்குத் திரும்பியதா? சாட்சியில் அவருக்குக் கிடைப்பது அரை வாக்கியம். இன்னொருவர் திருந்திய வரலாற்றில் ஒரு துணைப்பாத்திரமாக வந்துபோகிறார், தன் நஷ்டத்தோடு.

இதை எடுத்துச் சொன்னால் உடனே வரும் பதில்: கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம், கிரியைகளினால் அல்ல. பவுல் எழுதிய எபேசியர் நிருபம், இரண்டாம் அதிகாரம், எட்டு ஒன்பது வசனங்கள். உண்மை, அதில் ஓர் எழுத்தைக்கூட நான் குறைக்க மாட்டேன். ஆனால் பத்தாம் வசனம், நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் உண்டாக்கப்பட்டோம் என்கிறது. அதே நிருபத்தின் நாலாம் அதிகாரம் 28ஆம் வசனம் திருடனிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறது: திருட்டை விடு, கையால் பாடுபட்டு உழை, இல்லாதவனுக்குக் கொடுக்கும் அளவுக்கு உழை. திருட்டை நிறுத்தியதோடு கதை முடிந்துவிடுவதில்லை. எடுத்துப் பழகிய கை கொடுத்துப் பழகும்வரை பவுல் அவனை விடுவதாயில்லை.

சகேயு வீட்டில் எது முதலில் நடந்தது

இந்தச் சிக்கலை அவிழ்க்க லூக்கா 19ஐ விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. சகேயு எரிகோவில் வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான். காட்டத்தி மரத்தில் ஏறியவனை இயேசு பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். அந்த நேரத்தில் சகேயு ஒரு காசும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. கணக்குப் புத்தகம் பழையபடியே இருக்கிறது. ஜனங்கள் முறுமுறுத்ததும் அதனால்தான்: பாவியான மனுஷனிடத்தில் தங்கப் போனார் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. இயேசு உள்ளே நுழைந்தபோது அது அநியாயப் பணத்தில் நடக்கும் வீடுதான்.

சகேயு எழுந்து நின்று பேசியது அதற்குப் பிறகு. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியதுண்டானால் நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன். இந்த வரிசையை மாற்றிவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும். கொடுத்துவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தால் அது இரட்சிப்பை விலைக்கு வாங்குவது. அழைப்பை ஏற்றுக்கொண்டு, விருந்து வைத்து, கணக்கைத் தொடாமல் இருந்திருந்தால், வந்தவர் யார் என்று அவனுக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். இந்த வீட்டுக்கு இன்றைக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிப்பது சகேயு பேசி முடித்த பிறகுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். கிருபை முன்னால் வந்தது. கணக்குத் தீர்ப்பது அதன் பின்னாலேயே, அதே நாளில், அதே வீட்டில் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆண்டுகள் ஓடலாம் என்று நாமாகத்தான் எண்ணிக்கொண்டோம்.

சீர்திருத்த சபைகள் போதனைக்குப் பயன்படுத்தும், 1563இல் வெளிவந்த ஹைடெல்பர்க் வினாவிடை இதே வரிசையில்தான் அமைந்திருக்கிறது. மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்று மூன்று பகுதிகள், மொத்தம் 129 கேள்விகள். பத்துக் கட்டளைகளின் விளக்கம் வருவது மூன்றாம் பகுதியான நன்றியின் கீழே. களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையை விளக்கும் 110ஆம் கேள்வி வெறும் திருட்டோடு நிற்பதில்லை. கள்ள எடை, கள்ள அளவு, மோசமான சரக்கு, கள்ளப்பணம், அநியாய வட்டி எல்லாவற்றையும் திருட்டின் பட்டியலில் சேர்க்கிறது. எழுதியவர்களுக்குச் சந்தையைத் தெரிந்திருக்கிறது. விசுவாசம் தராசுத் தட்டுவரை போகவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

சகேயு சொன்ன தொகையையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவன் சொத்து 100 என்று வைத்துக்கொள்வோம். பாதி போனால் மீதி 50. அதில் நாலு மடங்கு கொடுக்கவேண்டும் என்றால் 12.5 வரைக்கும்தான் தாங்கும். மொத்தச் சொத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அநியாயமாக வந்திருந்தால் அவன் கடனாளி. அவன் எதை ஒப்புக்கொண்டான் என்பது அப்போதுதான் புரிகிறது. இன்னொன்று: யாத்திராகமம் 22இல், திருடிய ஆட்டைக் கொன்றுவிட்டோ விற்றுவிட்டோ பிடிபட்டவனுக்கு நாலு மடங்கு, மாட்டுக்கு ஐந்து மடங்கு, உயிரோடு கையில் அகப்பட்டால் இரண்டு மடங்கு. தானாக முன்வந்து ஒத்துக்கொள்பவனுக்கு லேவியராகமம் 6 சொல்வது முதலும் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. யாரும் பிடிக்காமலே, பிடிபட்ட திருடனின் அளவைச் சகேயு தனக்குத் தானே விதித்துக்கொண்டான். சட்டம் கேட்டதற்கு மேல் கொடுக்கும் இந்தத் தாராளம், அழைக்கப்படாத வீட்டில் நடந்திருக்காது.

இயேசு அவனை வேலையை விடச் சொன்னதாக லூக்கா எழுதவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மூன்றாம் அதிகாரத்தில் ஆயக்காரர்கள் யோவான் ஸ்நானனிடம் வந்து என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோதும், கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதிருங்கள் என்பதுதான் பதில். போர்ச்சேவகருக்கு, இடுக்கண் செய்யாதிருங்கள், சம்பளமே போதும் என்றிருங்கள். விட்டுவிட்டு ஓடுவதைவிட, அதே நாற்காலியில் நேர்மையாக உட்கார்ந்திருப்பது பல வேளைகளில் கடினம்.

முதலும் ஐந்தில் ஒரு பங்கும்

இனி நடைமுறை. தொடங்க வேண்டிய இடம் ஒரு தாள். ஜெபத்தில் "என் பாவங்களை மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்வது எளிது. தாளில் பேரும் தொகையும் எழுதும்போதுதான் கை நடுங்கும். நாலு பத்தி போட்டுக்கொள்ளலாம்: யாருக்கு, என்ன செய்தேன், அவருக்கு என்ன நஷ்டம், நான் என்ன செய்யமுடியும். வாங்கித் திருப்பாத கடன், அலுவலகச் செலவுக் கணக்கில் கூட்டி எழுதியது, வேலையாளுக்குப் பிடித்துக்கொண்ட கூலி, உடன்பிறந்தவருக்குச் சேரவேண்டிய சொத்துப் பங்கு, இன்னொருவர் செய்த வேலைக்கு நான் வாங்கிய பாராட்டு. வேலை நேரமும் சிலருக்கு இதில் சேரும். மூன்றாம் பத்தியைத்தான் பெரும்பாலானவர்கள் காலியாக விடுவார்கள். நமக்கு எவ்வளவு கிடைத்தது என்பது நினைவிருக்கும். அவருக்கு எவ்வளவு போனது என்பதை யோசித்தே பார்த்திருக்க மாட்டோம். இரண்டும் ஒரே தொகையாக இருக்கவேண்டும் என்பதில்லை. கூலி பத்து நாள் தாமதமானதால் வேலையாள் வட்டிக்கு வாங்கியிருந்தால் அந்த வட்டியும் அவர் நஷ்டம்தான்.

தொகைக்கு லேவியராகமத்தின் அளவு நல்ல தொடக்கம். எடுத்தது 5,000 என்றால் ஐந்தில் ஒரு பங்கு 1,000, ஆக 6,000. பல ஆண்டுகள் ஓடியிருந்தால் பணத்தின் மதிப்புக் குறைந்திருக்கும். அன்று அந்தத் தொகைக்கு எதை வாங்கியிருக்கலாமோ அதற்கு இன்று என்ன விலை என்று பார்ப்பது நியாயம். எந்த நாளில் கொடுப்பது என்பதையும் அந்த அதிகாரமே சொல்கிறது: குற்றநிவாரண பலி செலுத்தும் அதே நாளில் உரியவனுக்குக் கொடுக்கவேண்டும். பலிபீடத்துக்கு முன்னால் போகிறவன் கையில் அயலானின் பொருள் இருக்கக்கூடாது.

உரியவர் இறந்துவிட்டால்? எண்ணாகமம் 5 இதற்குப் படி சொல்கிறது. முதலில் உரியவர், அவர் இல்லையென்றால் உறவின்முறையார், அப்படி ஒருவரும் இல்லாவிட்டால்தான் கர்த்தருக்கென்று ஆசாரியனுக்கு. இங்கே பரவலாக நடக்கும் ஒரு தவறைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஏமாற்றப்பட்டவர் உயிரோடு, நாலு தெரு தள்ளி இருக்கும்போது, அந்தப் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காணிக்கை போடும்போது யாரையும் முகம் பார்க்கவேண்டியதில்லை. அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் வசனத்தில் அது கடைசிப் படி. ஆளைத் தேட நியாயமான முயற்சி எடுத்து, வாரிசுகளையும் தேடி, ஒன்றும் கிடைக்காதபோதே ஏழைகளுக்கோ சபைக்கோ கொடுப்பது சரி.

இது பழைய ஏற்பாட்டோடு போயிற்று என்று சொல்ல முடியாது. ஆதிச் சபையின் ஆயரான அகுஸ்தீன் மக்கெதோனியு என்ற அதிகாரிக்கு எழுதிய 153ஆம் கடிதத்தில், திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவன் மனந்திரும்பவில்லை, மனந்திரும்பியதாக நடிக்கிறான் என்கிறார். 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி 1459ஆம் பத்தியில், பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, பாவம் உண்டாக்கிய சீர்கேடுகளை எல்லாம் சரிசெய்துவிடுவதில்லை என்று சொல்லி, திருடியதைத் திருப்புவதையும் கெடுத்த பேரை மீட்டுக் கொடுப்பதையும் உதாரணமாகக் காட்டுகிறது. சபைகள் பலவற்றில் பிரிந்து நிற்கின்றன. இந்த ஒன்றில் பிரியவில்லை.

பேசிய பேச்சுக்கு என்ன கணக்கு

பணத்தை எண்ணிக் கொடுத்துவிடலாம். கெடுத்த பேருக்கு ஐந்தில் ஒரு பங்கு எப்படிப் போடுவது? இங்கேயும் வழி இருக்கிறது. எங்கெல்லாம் பேசினோமோ அங்கெல்லாம் போய்த் திருத்துவதுதான் முதல். பத்துப் பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் சொன்னதற்கு, பாதிக்கப்பட்டவரிடம் தனியாக வருத்தம் தெரிவிப்பது போதாது. அந்தப் பத்துப் பேரின் மனதில் அவர் இன்னும் நாம் வரைந்த ஆளாகவே இருக்கிறார். அதே குழுவில், "இவரைப் பற்றி நான் சொன்னது தவறு, எனக்கு நேரடியாகத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன்" என்று எழுதவேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். பழைய குற்றச்சாட்டைத் திரும்ப விவரித்துவிட்டு மறுத்தால், கேட்காதவர்களுக்கும் புதிதாகச் சொன்னதாகிவிடும்.

சொன்னது உண்மையாகவே இருந்தால்? பொய் என்று சொல்லவும் கூடாது. அது இரண்டாவது பாவம். "அது நான் பேசவேண்டிய காரியமில்லை, பேசியிருக்கக் கூடாது" என்பது நேர்மையான வாசகம். அவரைப் பற்றி இன்னார் இப்படிப் பேசினார் என்பதே அவருக்குத் தெரியாது என்றால், நேரே போய் அறிவிப்பதற்கு முன் நிதானிக்க வேண்டும். கேட்டவர்களிடம் திருத்துவது எப்போதும் கடமை. அவருக்குப் போய்ச் சொல்வதில், அவருக்கு ஒரு புதுப் புண்ணும் நமக்கு ஓர் ஆறுதலும் மட்டுமே மிஞ்சுமா என்று, விவரம் தெரிந்த ஒரு மூத்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

சவுலும் இளைய மகனும்

மன்னிப்புக் கேட்பதில் எது பிசகும் என்பதற்கு 1 சாமுவேல் 15 ஒரு முழுப் பாடம். கர்த்தரின் கட்டளையை மீறிய சவுல் ராஜா, தீர்க்கதரிசி சாமுவேலிடம் "நான் பாவஞ்செய்தேன்" என்கிறான், இரண்டு முறை. முதல் முறை, ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று சேர்த்துக்கொள்கிறான். இரண்டாம் முறை, மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்கிறான். காரணத்தை அடுத்தவர் மேல் போட்டாயிற்று. தன் கௌரவத்துக்கும் ஏற்பாடு செய்தாயிற்று. லூக்கா 15இல் தன் பங்குச் சொத்தை அழித்துவிட்ட இளைய மகன் பன்றிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தயாரித்த வார்த்தைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சம் வந்தது என்று அவன் சொல்லியிருக்கலாம், உண்மையிலேயே வந்தது. கூட்டாளிகள் கைவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றையும் சொல்லவில்லை. பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவம் செய்தேன்; மகன் என்று அழைக்கப்படப் பாத்திரன் அல்ல; கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

இதிலிருந்து, கேட்கப்போகும் முன் சொல்லப்போவதை எழுதிப் பார்த்துச் சில வார்த்தைகளை அடிக்கலாம். "ஆனால்" என்ற சொல்லை முதலில் அடியுங்கள். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் வாதம். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்பதில் உள்ள இருந்தால் போகவேண்டும். புண்பட்டது என்று தெரிந்துதானே போகிறோம். "ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னியுங்கள்" என்பது எதையும் ஒத்துக்கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் ரசீது கேட்பது. செய்ததைப் பேர் சொல்லிச் சொல்லவேண்டும். அதனால் அவருக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். எதை, எந்தத் தேதிக்குள் திருப்புவோம் என்று சொல்லவேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்கவேண்டும், அது எவ்வளவு கசந்தாலும். "கிறிஸ்தவரான நீங்கள் மன்னித்தே ஆகவேண்டும்" என்று வசனம் காட்டுவதைப்போல ஒரு கொடுமை இல்லை. கடன்பட்டவன் கடன் கொடுத்தவனுக்குக் கெடு வைக்க முடியாது.

இது பொருந்தாத இடம் ஒன்று உண்டு. உடலையோ பிள்ளைப்பருவத்தையோ சிதைத்த வன்முறையில், செய்தவர் பாதிக்கப்பட்டவரைத் தேடிப் போவதே மறுபடியும் ஒரு தாக்குதல் ஆகலாம். அங்கே மனந்திரும்புதல் என்பது விலகி நிற்பது, உண்மையை அதிகாரிகள் முன் ஒத்துக்கொள்வது, சட்டம் தரும் தண்டனையை ஏற்பது. சபைக்குள்ளேயே பேசி முடிக்கும் சமரசம் அதற்கு ஈடாகாது.

யோசேப்பு ஏன் உடனே சொல்லவில்லை

எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு வார்த்தை. மத்தேயு 18இல் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அவனுக்கு விடப்பட்டது ஆறு கோடி நாள் கூலி. அவன் விடமறுத்தது நூறு நாள் கூலி. மன்னிக்க மாட்டேன் என்று ஒரு விசுவாசி சொல்ல முடியாதது இதனால்தான். ஆனால் மன்னிப்பதும் பழையபடி நம்புவதும் ஒன்றல்ல, இதைக் குழப்பியே எத்தனையோ பேரை மறுபடியும் ஏமாற அனுப்பியிருக்கிறோம்.

யோசேப்பு சொந்தச் சகோதரரால் இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவன். பின்னாளில் எகிப்தில் அதிகாரியாக இருந்தபோது, தானியம் வாங்க வந்த சகோதரரை அவன் அடையாளம் கண்டுகொண்டான். பசியோடு வந்தவர்களுக்குத் தானியமும் கொடுத்தான், அவர்கள் பணத்தையும் சாக்கிலேயே திருப்பி வைத்தான். பகை இருந்தால் இதைச் செய்யமாட்டான். இருந்தும் தான் யார் என்று சொல்லவில்லை. சிமியோனைப் பிடித்து வைத்தான், பென்யமீனை வரச் சொன்னான், அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்தான். தகப்பனுக்குச் செல்லமான ஓர் இளைய தம்பியை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் தப்பிப் போக அவர்களுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு. முன்பு நடந்த அதே நிலைமை. ஆதியாகமம் 37இல் விற்கலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. 44இல் அதே யூதா, தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்கிறான். அதைக் கேட்ட பிறகே யோசேப்பால் அடக்கிக்கொள்ள முடியாமல் போகிறது. கணவரின் குடி, நண்பரின் கடன், உறவினரின் நம்பிக்கைத் துரோகம் என்று எதுவானாலும், மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே சாவியைக் கொஞ்ச காலம் கையில் வைத்திருப்பதற்கு வேதத்தில் இடம் இருக்கிறது. யூதா தெரிகிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இரவில் பதினைந்து நிமிடம்

பழைய கணக்கைத் தீர்ப்பது ஒரு வேலை. புதிதாகச் சேராமல் பார்ப்பது தினசரி வேலை. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் "ஆன்மீகப் பயிற்சிகள்" என்ற நூலுக்கு 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் கொடுத்தார். அதிலுள்ள ஆன்ம சோதனை ஐந்து படிகள் கொண்டது: நன்றி சொல்வது, காண்பதற்கு அருள் கேட்பது, எழுந்ததிலிருந்து மணிக்கு மணி அந்த நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தத் தீர்மானிப்பது. புராட்டஸ்டன்டுகளும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். நன்றியில் தொடங்குவதைத் தவிர்க்க வேண்டாம். நேரே தப்புகளுக்குப் போனால் சில நாளிலேயே மனம் இந்தப் பழக்கத்தைக் கண்டு ஓடும். கடைசிப் படியில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுவது. "நாளை பொறுமையாக இருப்பேன்" என்பது தீர்மானம் ஆகாது. "காலை பத்து மணிக்கு முன் அவரைக் கூப்பிட்டு, கூட்டத்தில் அப்படிப் பேசியது தவறு என்று சொல்வேன்" என்பது தீர்மானம். ஒரு நாளுக்கு ஒன்று போதும்.

மத்தேயு 5இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். சமாரியா வழியாக வேகமாக நடந்தாலே மூன்று நாள். மிருகத்தை அங்கே நிறுத்திவிட்டு ஊர் திரும்பி, சமாதானம் பேசி, மறுபடியும் போவது என்றால் ஒரு வாரம். கேட்டவர்கள் திகைத்திருப்பார்கள். நமக்கோ தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்.

மனச்சாட்சி மிகவும் நுணுக்கமானவர்களுக்கு இந்தப் பழக்கம் ஒரு நோயாகவும் மாறக்கூடும். தீர்த்த கணக்கை மறுபடி மறுபடி திறப்பது, சிறுவயதில் எடுத்த பென்சிலுக்காகத் தூக்கம் கெடுவது, ஒரே மனிதரிடம் ஒரே காரியத்துக்குத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பது. இவர்களுக்குப் பட்டியலை ஒரு நம்பகமான ஆள் பார்த்து, இது முடிந்தது என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகு அந்த வரியை அடித்துவிட வேண்டும், மனம் என்ன சொன்னாலும்.

கொடுக்க மனமிருந்தும் கையில் இல்லாதவர் என்ன செய்வார்? தவணை போட்டு எழுதிக் கொடுத்து, சிறிய தொகையானாலும் தவறாமல் கட்டுவது ஒரு வழி. ஆனால் இந்த இடத்தில் சபைக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒநேசிமு பிலேமோனுடைய வீட்டிலிருந்து போய்விட்ட அடிமை. அவனைத் திருப்பி அனுப்பும்போது பவுல், அவன் உமக்கு அநியாயம் செய்ததும் கடன்பட்டதும் உண்டானால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று எழுதி, நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் சொந்தக் கையாலேயே உறுதியும் கொடுக்கிறார். அப்போது அவர் காவலில் இருக்கும் வயோதிகர். சாட்சி சொல்ல ஒருவரை மேடைக்கு அழைக்கும் சபை, அவருடைய பட்டியலை ஒரு மூப்பர் தனியாக உட்கார்ந்து வாங்கிப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். உதவி நிதியில் ஒரு பகுதியை இதற்கென்றே ஒதுக்கி, வட்டியில்லாமல் கொடுத்து, ஏமாற்றப்பட்டவருக்கு முதலில் பணம் போய்ச் சேரும்படி செய்யலாம். திருந்தியவர் சபைக்கு மாதாமாதம் அடைக்கட்டும். சாட்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஏமாற்றப்பட்டவருக்குச் சம்மதமானால்.